பட்டறைப் பதில்கள்: 535 புல்லட்டுக்கு எத்தனை எம்.எம். கார்பரேட்டர்?

கேள்வி: ஆசானே, என்னிடம் பழைய இரும்பு பிளாக் புல்லட் 500 இருக்கிறது. போன மாதம் போரிங் போட்டு 87 எம்.எம். பிஸ்டன் ஏற்றி 535 சி.சி. ஆக்கிவிட்டேன். கம்பெனி கார்பரேட்டர் 28 எம்.எம். நண்பர்கள் 36 போடு, வண்டி பறக்கும் என்கிறார்கள். இங்கே உள்ள மெக்கானிக் 28-ஏ போதும் என்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் கம்பம் மெட்டு வழியாக இறங்கி ஏறுகிறவன் நான். எதைப் போடட்டும்?
(வண்டன்மேட்டிலிருந்து ஓர் ஏலத்தோட்டக் கங்காணி)

பதில்: 36 வேண்டாம். 28-ஐக் கழற்றவும் அவசரமில்லை. மாற்றியே தீருவேன் என்றால் 30. நம்பரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த டீக்கடையில் இன்னொருவர் இன்னொரு நம்பர் சொல்வார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வீடு கொசு மருந்து அடிக்கிற ஃபிளிட் பம்பு இருந்ததே, நினைவிருக்கிறதா? நீளக் குழாய், அதன் முனையில் தொங்கும் சின்னத் தகர டப்பா. கைப்பிடியை மெதுவாகத் தள்ளினால் வெறும் காற்றுதான் வரும். வேகமாகத் தள்ளினால் டப்பாவில் இருக்கும் மருந்து தானாக மேலே ஏறிப் புகையாகப் பறக்கும். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டரும் அந்தப் பம்புதான். 28, 30, 36 என்பதெல்லாம் அதில் காற்று ஓடும் ஓட்டையின் விட்டம். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைச்சல்தான் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஜெட் என்கிற நுண்துளை வழியாக மேலே இழுக்கிறது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: காற்றின் வேகம் பாதியானால் இழுப்பு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும்.

இப்போது கம்பெனிக்காரர்கள் போட்ட கணக்கைப் பாருங்கள். புல்லட் 350-க்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 70, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90, மொத்தம் 346 சி.சி. அதற்கு 24 எம்.எம். கார்பரேட்டர். 500-க்கு போர் 84, அதே 90 ஸ்ட்ரோக், 499 சி.சி. அதற்கு 28. ஏன் 28? 499-ஐ 346-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 24-ஆல் பெருக்குங்கள். 28.8 வரும். அதாவது எஞ்சின் எத்தனை மடங்கு பெருத்ததோ, ஏறக்குறைய அத்தனை மடங்கு ஓட்டையின் பரப்பும் பெருத்திருக்கிறது. காற்றின் வேகம் மாறவில்லை. இதே கணக்கை உங்கள் 535-க்குப் போட்டால் 29 வருகிறது. எஞ்சின் சுற்றை (நிமிஷத்துக்கு) 5,500-லிருந்து 6,000 வரை கொண்டுபோவேன் என்றால் 30.3. அவ்வளவுதான்.

36 போட்டால் என்ன ஆகும்? ஓட்டையின் பரப்பு 28-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், 1.65 மடங்கு. உங்கள் எஞ்சினோ வெறும் 7 சதவீதம்தான் பெருத்திருக்கிறது. முழு ஆக்சிலேட்டரில், ஒரே சுற்றில், ஜெட்டின் மேல் விழும் இழுப்பு பழையதில் பாதிகூட இருக்காது. 32-க்கு மூன்றில் இரண்டு பங்கு. 30-க்குப் பெரிய நஷ்டமில்லை.

விவரம் தெரிந்த ஒருவர் இங்கே மடக்குவார்: "சிலைடு என்கிற கதவுதான் ஓட்டையை மூடிக்கொண்டிருக்கிறதே, பாதி திறந்த 36-உம் 28 மாதிரிதானே?" சரிதான், மெதுவாகத் திறந்தால். இந்த வகைக் கார்பரேட்டரில் சிலைடைத் தூக்குவது கேபிள், கேபிளை இழுப்பது உங்கள் கை. கை அரை நொடியில் திறந்துவிடும். எஞ்சின் சுற்று அரை நொடியில் ஏறாது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் 1,800 சுற்றில் முக்கிக்கொண்டு வரும் வண்டிக்குப் படாரென்று 36 எம்.எம். வாயைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போகும், பெட்ரோல் அதோடு சேர்ந்து வராது. "பொக்" என்று ஒரு சத்தம். பிறகு வண்டி நின்றுவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1997-ல் மதுரையில் பழைய சாமான் கடையில் ஒரு 34 எம்.எம். கார்பரேட்டரை வாங்கி வந்து என் 350-இல் மாட்டினேன். ஆமாம், 350-இல். வயது அப்படி. கம்பத்திலிருந்து கூடலூர் வரை சமதரையில் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் போனது. லோயர் கேம்ப் தாண்டி ஏற ஆரம்பித்து, பவர் ஹவுஸுக்கு இறங்கும் அந்த ராட்சதக் குழாய்களைத் தாண்டி ஒரு வளைவு. பின்னால் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப். நான் முறுக்கினேன், வண்டி "பொக்" என்றது. கிக்கரை உதைக்கிறேன், உதைக்கிறேன், பிடிக்கவில்லை. ஜீப்பிலிருந்து ஒரு அம்மா, "தம்பி, தள்ளிவிடவா?" என்றார். ஜீப் முழுக்கச் சிரிப்பு. வளைவுக்கு மேலே வரை தள்ளிக்கொண்டு போனேன். அந்த 34 இன்றைக்கும் பட்டறை மேசையில் பில் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

அப்படியானால் பெரிய கார்பரேட்டர் போட்ட 500 வண்டிகளே கிடையாதா? உண்டு. யமஹா எஸ்.ஆர்.500-க்கு 34 எம்.எம். கொடுத்தார்கள். ஆனால் அதில் ஆக்சிலேட்டர் பம்பு இருக்கிறது. படாரென்று திறக்கும்போது ஒரு சிட்டிகை பெட்ரோலைத் தனியாகப் பீய்ச்சி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். தவிர, அது ஓவர்ஹெட் கேம் எஞ்சின், உங்கள் புல்லட்டைவிட ஆயிரம் சுற்று கூடுதலாகச் சுற்றும். பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாருக்கு ஒன்றரை அங்குல அமால் கார்பரேட்டர் இருந்தது. பந்தயத்தில் கொடி கட்டிப் பறந்தது, ஆனால் சிக்னலில் சும்மா நின்று ஓடாது என்பதற்கும் பேர்போனது. இதைவிட உங்களுக்குப் பொருத்தமான சாட்சி பி.எஸ்.ஏ. பி50. போர் 84, ஸ்ட்ரோக் 90, உங்கள் வண்டி போரிங் போடுவதற்கு முன்னால் இருந்த அதே அளவு. அதற்கு அவர்கள் போட்டது அமால் 930. அமாலில் கடைசி இரண்டு எண்தான் ஓட்டையின் அளவு, ஆக 30 எம்.எம்.

கார்களில் ஒரே கார்பரேட்டர் நான்கு சிலிண்டருக்கு ஊட்டுகிறதே என்று போன மாதம் ஒருவர் கேட்டார். அங்கே நான்கும் முறை வைத்து உறிஞ்சுவதால் காற்று ஓயாமல் ஓடுகிறது. உங்களுக்கு இருப்பது ஒரே சிலிண்டர். நாலு ஸ்ட்ரோக்கில் ஒரு ஸ்ட்ரோக் மட்டும் மொடக்கென்று ஒரு மிடறு குடித்துவிட்டு மூன்று ஸ்ட்ரோக் சும்மா இருக்கும். அதனால் கார் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கார்பரேட்டரில் இல்லை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் உங்கள் கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ் என்கிற வெறும் வளையம்தான். 90 எம்.எம். ஸ்ட்ரோக்கை 6,000 சுற்று ஓட்டினால் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 18 மீட்டர் ஓடுகிறது. புதுப் பிஸ்டன் எடை வேறு கூடியிருக்கும். அந்த புஷ் எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்? 36 எம்.எம். பலன் கொடுக்க ஆரம்பிக்கும் சுற்றுக்கு உங்கள் எஞ்சின் போகவே கூடாது.

சரி, என் பேச்சை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கள். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டுங்கள், பக்கத்தில் அசையாத பாகத்தில் இன்னொரு துண்டு. மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். அப்படியே கம்பத்திலிருந்து மெட்டுக்கு ஏறிப் போங்கள். முக்கால் கோட்டை எத்தனை தடவை தொட்டீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். போன மழைக்கு முன்னால் ஒருவர் இப்படிச் செய்துவிட்டு வந்து, "அண்ணே, ரெண்டே ரெண்டு இடம்" என்றார். அரைக்குக் கீழே வேலை செய்வது பைலட் ஜெட் (சும்மா நிற்கும்போது ஊட்டும் சின்ன ஜெட்), சிலைடின் வெட்டு, நீடில் (சிலைடில் தொங்கும் ஊசி) மூன்றும்தான். முழுசாகத் திறக்கும்போது ஊட்டும் மெயின் ஜெட்டுக்கும் ஓட்டை அளவுக்கும் அங்கே சோலியே இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைப்பது அந்த இரண்டு இடத்துக்காக.

30-தான் என்று முடிவானால் வாங்கும் முன் ஹெட்டைக் கழற்றாமலே ஒரு வேலை செய்யலாம். கார்பரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் மணிஃபோல்டைக் கழற்றி, உள்ளே போர்ட்டின் (ஹெட்டுக்குள் காற்று போகும் வழி) விட்டத்தை வேர்னியரால் அளந்துகொள்ளுங்கள். போர்ட் 28 இருக்கும்போது வெளியே 32 மாட்டினால் அந்த விளிம்பில் காற்று முட்டிச் சுழலும். கேஸ்கெட்டின் உள் ஓரம் போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதை. கத்தரித்துவிடுங்கள். அந்த வேர்னியரைக் கடைக்கும் கொண்டு போங்கள். மேலே 30 என்று அச்சடித்து உள்ளே 28 இருக்கும் டூப்ளிகேட் சாமானை என் கையாலேயே அளந்திருக்கிறேன். நீடில் ஜெட்டின் ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்த ஒன்றையும் பார்த்தேன். அதை எந்த டியூனிங்கிலும் சரிசெய்ய முடியாது.

மாட்டிய பிறகு ஜெட் பார்க்கும் முறை. முதல் 500 கிலோமீட்டர் ஓடிப் புதுப் பிஸ்டன் பதிந்த பிறகு ஆரம்பியுங்கள். பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கி ஒவ்வொரு நம்பராக இறங்க வேண்டும், கீழிருந்து ஏறக் கூடாது. பெட்ரோல் கூடினால் புகை வரும், குறைந்தால் பிஸ்டன் போகும். கம்பம் பைபாஸில் மூன்றாம் கியரில் முழுசாகத் திறந்து போகும்போது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம், ஒரு நூல் அளவு, தளர்த்திப் பாருங்கள். தளர்த்தும்போது வண்டி முன்னால் பாய்ந்தால் மெயின் ஜெட் சின்னது. பிறகு நீடில், கடைசியில் பைலட். உங்கள் புல்லட்டில் இருக்கும் மைக்கார்ப் வி.எம். வகையில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகினால் காற்று கூடும். பைலட் சரியாக இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் எஞ்சின் நிதானமாக நிற்கும். மூன்று சுற்று திருகியும் திருந்தவில்லை என்றால் ஜெட்டையே மாற்றுங்கள், ஸ்க்ரூவைத் திட்டாதீர்கள்.

கேள்வி: ஆர்.எக்ஸ்.100-இல் பெரிய பிளாக் போட்டு 132 சி.சி. ஆக்கியிருக்கிறேன். 20 எம்.எம். கார்பரேட்டரை மாற்றி 28 போடலாமா?
(செங்கோட்டை வாசகர்)

பதில்: மேலே சொன்ன கணக்குதான்: 132-ஐ 98-ஆல் வகுத்து வர்க்கமூலம், 20-ஆல் பெருக்கினால் 23 சொச்சம். 24 போடுங்கள். நீங்கள் பந்தயத்துக்குப் போர்ட் வெட்டியிருந்தால் 26. 28 உங்கள் வண்டிக்கு அதிகம்.

இன்னொன்று. நாலு ஸ்ட்ரோக்கில் கலவையில் பெட்ரோல் குறைந்தால் வண்டி முனகி எச்சரிக்கும். டூ ஸ்ட்ரோக் அப்படி இல்லை, குறையும்போது இன்னும் கிண்ணென்று இழுக்கும். புளியரை ஏற்றத்தில் "ஆஹா, என்ன பிக்கப்" என்று நீங்கள் நினைக்கும் அந்த நிமிஷத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

கேள்வி: என் 150 சி.சி. வண்டியில் வாக்யூம் கார்பரேட்டர் இருக்கிறது. 180 கிட் போட்டதும் அதைத் தூக்கிவிட்டு கேபிள் சிலைடு வகை போடச் சொல்கிறார்கள். நல்லதா?
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: எதற்கு? உங்களிடம் இருப்பது புத்தியுள்ள கார்பரேட்டர். நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் சிலைடைத் தூக்குவது எஞ்சினின் உறிஞ்சல்தான், உங்கள் கை இல்லை. எஞ்சினுக்கு வேண்டிய அளவுக்கு மேல் அது திறக்காது. அதனால் ஓர் அளவு பெரிதாக இருந்தாலும் மன்னித்துவிடும். சிலைடைத் தூக்கும் ரப்பர் தாளான டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், மெயின் ஜெட்டை ஏற்றுங்கள், போதும். ஒரே எச்சரிக்கை: இந்த வகையில் பைலட் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருக்கும். வெளியே திருகினால் பெட்ரோல்தான் கூடும். புல்லட்டுக்கு நேர் எதிர். இதைக் குழப்பிக்கொண்டு பிளக்கைக் கருக்கியவர்கள் நிறைய.

கேள்வி: போடியில் அருமையாக ஓடும் என் வண்டி மூணாறு போனால் மந்தமாகிறது, கரும்புகை வேறு. மலைக்கு என்று தனி ஜெட் வாங்க வேண்டுமா?
(போடிநாயக்கனூர் வாசகர்)

பதில்: மூணாறு 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் குறையும். கார்பரேட்டருக்கு அது தெரியாது, அங்கேயும் போடிக்கு ஊற்றுகிற மாதிரியே ஊற்றும். கரும்புகை அதனால்தான். ஒரு நாள் சுற்றுலாவுக்கு ஜெட் வாங்காதீர்கள். அங்கேயே வேலை என்றால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டுங்கள், நீடில் கீழே இறங்கிப் பெட்ரோல் குறையும். மெயின் ஜெட் ஒரு நம்பரோ இரண்டு நம்பரோ சின்னது. ஆனால் போடிமெட்டு வழியாகத் திரும்பி இறங்கும்போது பழையபடி மாற்ற மறந்துவிடாதீர்கள். மேலே செய்த குறைப்பு கீழே பிஸ்டனைத் தின்னும்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய கார்பரேட்டர் தாங்குமா?
(கூடலூர் வாசகர், தேனி மாவட்டம்)

பதில்: வெறும் பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கு). எத்தனாலுக்கு 9 போதும். இரண்டும் கலந்த இருபது சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. அதாவது அதே ஜெட்டில் உங்கள் கலவை கொஞ்சம் வறண்டுவிடும். ஏற்கெனவே தாராளமாக ஊற்றுகிற பழைய வண்டிக்கு அது தெரியாது. போரிங் போட்ட வண்டிக்கு மெயின் ஜெட்டில் ஒரு நம்பர் ஏற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம் ரப்பர்: ஓ-ரிங், ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனை. ஊறி உப்பியிருந்தால் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். சாரல் மாதத்தில் வண்டியை நிறுத்திப்போடுகிறவர்கள் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: போரிங் போட்ட வண்டியோடு குமுளி செக்போஸ்ட் தாண்டினால் பிடிப்பார்களா?
(கட்டப்பனையில் படிக்கும் கம்பத்துக்காரர்)

பதில்: பிடிக்கலாம். தம்பி, இதில் நான் உங்களுக்குத் தந்திரம் சொல்லித்தர மாட்டேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அது 52-ஆம் பிரிவு. மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் எழுதியிருக்கிறது. கேரள மோட்டார் வாகனத் துறையினர் இந்த விஷயத்தில் நம் ஊரைவிடக் கறார். ஆர்.சி.யில் 499 என்று இருந்து சிலிண்டரில் 535 இருந்தால் விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ்காரரும் அதையே பிடித்துக்கொள்வார்.

அதனால்தான் பெரிய பிஸ்டன் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் ஆர்.சி.யைக் கேட்கிறேன், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துவிட்டு வரச் சொல்கிறேன். பத்துப் பேரில் ஏழு பேர் திரும்பி வருவதில்லை. வருகிற மூன்று பேரில் ஒருவர் கம்பெனி அளவுப் பிஸ்டனே போதும், இருக்கிற கார்பரேட்டரைக் கழுவி நல்ல நீடில் ஜெட் போட்டுக் கொடுங்கள் என்பார். அது 2,000 ரூபாய்க்குள் முடிகிற வேலை. சாயங்காலம் கொடுத்தால் மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.